முதுகில் ஆறு புள்ளி, தொட்டியில் படுத்த புழு

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். மழை விட்டதும் பிள்ளைகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன். பாறைக்குழியில் தேங்கிக் கிடந்த தண்ணீரிலிருந்து கொசுப்புழு எடுத்துவந்து பாட்டிலில் வளர்த்தோம். வெளிவந்த கொசு கறுப்பாக இருக்கிறது. காலில் வெள்ளை வளையம், முதுகில் ஆறு வெள்ளைப் புள்ளி. இணையத்தில் பார்த்த டெங்கு கொசுவின் படம் இப்படி இல்லை. வெளிநாட்டுக் கொசு புதிதாக வந்திருப்பதாகச் செய்திகள்தான் வருகின்றன. பள்ளிக்கு எதிரே பழைய டயர் வாங்கி ரீட்ரெட் பண்ணும் கடை இருக்கிறது, கேரளத்திலிருந்தும் டயர் வருகிறது. அதில் வந்திருக்குமோ? மருந்து ஊற்ற வரும் பணியாளரிடம் கேட்டால், "கொசுன்னா கொசுதான் டீச்சர், எல்லாத்துக்கும் ஒரே மருந்துதான்" என்றார். பள்ளிச் சிமெண்ட் தொட்டியிலும் புழு இருந்தது, அது தொங்காமல் தண்ணீர் மேலேயே படுத்துக் கிடந்தது; அதற்கு அவரே மருந்து போட்டுவிட்டார். புதுக் கொசு வந்தால் எப்படித் தெரியும்? யாரிடம் சொல்வது? பிள்ளைகளை வைத்து நாங்களே கண்காணிக்கலாமா?

பதில்:

டீச்சருக்கு வணக்கம். ஆறு புள்ளிக் கொசுவை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுவல்ல.

முதுகில் மூன்று ஜோடி வெள்ளைப் புள்ளி, காலில் வளையம், பிறந்த இடம் பாறைக்குழி. இந்த மூன்றும் சேர்ந்தால் அது ஏடிஸ் விட்டேட்டஸ். மாதிரியைக் கையில் பார்க்காமல் நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் லென்ஸ் வைத்துக் காலின் நடுத் துண்டைப் பாருங்கள். நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தால் சந்தேகம் வேண்டாம். அது நம்ம ஊர்ப் பழைய குடி. மழை நின்று, ஆற்றில் தண்ணீர் வடிந்து, பாறைக்குழிகளில் இளவெயில் பட்ட தண்ணீர் தேங்கும்போது அதற்குக் கொண்டாட்டம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் பாபநாசத்துக்கு மேலே இதே கொசுவைப் பிடித்து, புது இனம் கிடைத்துவிட்டது என்று ஓட்டமாய் ஓடி என் மேலதிகாரியிடம் காட்டினேன். அவர் லென்ஸ்கூட எடுக்கவில்லை. "தம்பி, நீரு பொறக்கதுக்கு முன்னாடியே இது இங்க இருக்கு" என்றார். ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நமக்குப் பழைய குடியான இதே விட்டேட்டஸ், சில வருடங்களுக்கு முன்னால் கரீபியன் கடலில் உள்ள டொமினிக்கன் குடியரசில் பிடிபட்டது. அப்புறம் கியூபாவிலும். அங்கே அது புதுக் கொசு, அமெரிக்கக் கண்டத்துக்கே புதுக் கொசு. அங்குள்ள பூச்சியியல்காரர்கள் தூக்கத்தைத் தொலைத்திருப்பார்கள். இன்னொரு பக்கம், நம் வீட்டுக்குள் குடத்திலும் டிரம்மிலும் பிறந்து நம்மைக் கடிக்கிற டெங்கு கொசு ஏடிஸ் ஈஜிப்டி இருக்கிறதே, அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. கப்பல் தண்ணீர்ப் பீப்பாய்களில் உலகம் சுற்றி வந்தது. உண்மையான அசலூர்க்காரர் அவர்தான். வந்து வெகுகாலம் ஆனதால் நாம் அவரை உறவுக்காரராக்கிவிட்டோம்.

அதனால் 'புதுக் கொசு' என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு பொருளும் கிடையாது. எந்த ஊருக்குப் புதிது என்று கேட்க வேண்டும். உங்கள் ஊருக்குப் புதிது என்று சொல்ல, உங்கள் ஊரில் இதுவரை எவை இருந்தன என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். இந்தியாவில் சுமார் 400 வகைக் கொசு உண்டு. அவ்வளவையும் நீங்கள் படிக்க வேண்டியதில்லை. ஒரு கிராமத்தில் வீட்டையும் தெருவையும் ஒட்டி வாழ்வது ஏழெட்டு வகை இருக்கலாம். அந்த ஏழெட்டை முகம் பார்த்துச் சொல்லத் தெரிந்தால், ஒன்பதாவது வந்து நிற்கும்போது உங்களுக்கே உறுத்தும். முடுக்குக்குள் தெரியாத ஆள் நடந்தால் திண்ணையில் இருக்கும் ஆச்சி "யாரு வீட்டுக்கு?" என்று கேட்கிறாளே, அவள் உலகத்து முகங்களையா மனப்பாடம் செய்திருக்கிறாள்? அந்தத் தெரு முகங்களைத் தெரியும், அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பணியாளர் சொன்னதற்கு வருகிறேன். அவர்மேல் கோபப்படாதீர்கள். அவரிடம் கொடுத்திருக்கும் படிவமே அப்படி. எத்தனை வீடு பார்த்தாய், எத்தனை வீட்டில் புழு இருந்தது, எத்தனை பாத்திரத்தில் இருந்தது என்றுதான் கேட்கும். நூறு வீட்டுக்குப் புழு இருந்த பாத்திரம் எத்தனை என்று கணக்குப் போட்டு, அதற்கு பிரட்டோ குறியீடு என்று பெயர் வைத்திருக்கிறோம். டெங்கு வருமா வராதா என்று பார்க்க அது பயன்படும்தான். ஆனால் அது எண்ணிக்கை பார்க்கிற கண்காணிப்பு. இனம் பார்க்கிற கண்காணிப்பு வேறு வேலை. எண்ணுகிறவருக்கு எல்லாப் புழுவும் ஒன்றுதான். கண்டதும் கொட்டிவிடுவார், அல்லது அபேட் என்கிற புழு மருந்தை ஊற்றிவிடுவார். புதிதாக ஒன்று வந்திருந்தாலும், வந்த சுவடே தெரியாமல் அந்த ஊற்றலோடு போய்விடும். அது முழுதாக ஒழிந்துபோனால் பரவாயில்லை. ஒரு தொட்டியில் செத்து நாலு தொட்டியில் பிழைத்துக்கொள்கிறது என்பதுதான் பிரச்சினை.

ஒரே மருந்து என்பதும் சரியில்லை. ஈஜிப்டி வீட்டுக்குள் பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், தொங்கும் சட்டையில் உட்காரும். தெருவில் அடிக்கிற புகை அதற்கு எட்டாது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பகல் முழுக்க வீட்டுக்குள் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற பெண்களைக் கேளுங்கள், பகல் கொசு எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும். டெங்கு பரப்புகிற இன்னொரு கொசுவான ஏடிஸ் அல்போபிக்டஸ் வெளியே தோட்டத்தில், சிரட்டையில், வாழை மட்டை இடுக்கில் இருக்கும். சாக்கடைக் கொசு க்யூலெக்ஸ் ராத்திரி கடிக்கும். குடத்தை மூடி வைத்து அதை ஒழிக்க முடியாது. ஆகாயத்தாமரை மண்டிய குளங்களில் மான்சோனியா என்று ஒரு வகை உண்டு. அதன் புழு மூச்சு வாங்கத் தண்ணீருக்கு மேலே வராது, செடியின் வேரில் குழாயைக் குத்தி அதிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் மேலே மருந்தை ஊற்றிவிட்டுப் போனால் அதற்குச் சிரிப்புத்தான் வரும். 2012ல் கடையநல்லூர் உட்பட அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து ஊர்கள் டெங்குவில் பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் நம் ஊர்களில் ஓடிய புகை வண்டிகளை எண்ணி முடியாது. வீட்டுக்குள் மூடாத டிரம் ஒன்று இருக்கும்வரை வெளியே எவ்வளவு புகைந்தும் என்ன?

சரி, தொட்டிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் அரை வரியாக எழுதியிருக்கிறீர்கள், 'தொங்காமல் தண்ணீர் மேலேயே படுத்துக் கிடந்தது' என்று. அந்த அரை வரிக்காகத்தான் இவ்வளவு நீளப் பதில்.

ஏடிஸ், க்யூலெக்ஸ் புழுக்களுக்கு வால் பக்கம் மூச்சுக் குழல் உண்டு. குழல் நுனியைத் தண்ணீர் மட்டத்தில் ஒட்டிவைத்துத் தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். அனாபிலிஸ் புழுவுக்குக் குழல் கிடையாது; அதனால் துரும்பு மிதப்பது மாதிரி மட்டத்தோடு மட்டமாகப் படுத்திருக்கும். உங்கள் தொட்டியில் இருந்தது அனாபிலிஸ். அதாவது மலேரியாக் கொசுவின் சாதி. பயப்பட வேண்டாம், எல்லா அனாபிலிஸும் மலேரியா பரப்பாது. குட்டையிலும் வயலிலும் நாம் அதிகம் பார்க்கிற அனாபிலிஸ் சப்பிக்டஸ் மழை நாளில் எங்கும் முட்டையிடும். அது தொட்டியிலும் வந்திருக்கலாம். ஆனால் சுத்தமான தண்ணீர், சிமெண்ட் தொட்டி என்றால் இன்னொரு பெயரும் மனதில் வந்தே தீரும். அனாபிலிஸ் ஸ்டெபென்சி.

ஸ்டெபென்சி இந்தியக் கொசுதான். அந்த இனத்துக்குப் பெயர் வைத்ததே 1901ல், இந்தியாவில் பிடித்த மாதிரியைப் பார்த்துத்தான். சென்னையின் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் மலேரியா பரப்பியது இது. இந்தப் பக்கம் தூத்துக்குடியிலும் இதைத் தேடித் தொட்டி தொட்டியாக ஏறியிருக்கிறோம். நகரத்துக் கொசு என்றுதான் பாடம். ஆனால் நகரம் எது, கிராமம் எது என்று கொசுவுக்கு யார் சொன்னது? அதற்கு வேண்டியது மூடாத தொட்டியும் சுத்தமான தண்ணீரும். இன்று எந்தக் கிராமத்தில் மாடி மேல் சின்டெக்ஸ் இல்லை, வாசலில் சிமெண்ட் தொட்டி இல்லை? இந்தியாவுக்குப் பழைய கொசு, உங்கள் ஊருக்குப் புதிதாக வந்திருக்கக்கூடும். வந்திருக்கிறது என்று சொல்லவில்லை. பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்கிறேன்.

இதே கொசு கடல் தாண்டிய கதையைக் கேளுங்கள். 2012ல் ஆப்பிரிக்காவின் கொம்பில் இருக்கும் ஜிபூத்தியில் ஸ்டெபென்சி பிடிபட்டது. அந்த வருடம் அங்கே மலேரியா கண்டவர்கள் 27 பேர். 2020ல் 73,000க்கு மேல். எல்லாப் பழியையும் ஒரு கொசு மேல் போடுவது நியாயமில்லைதான். ஆனாலும் ஆப்பிரிக்காவின் மற்ற மலேரியாக் கொசுக்கள் அவ்வளவாக அண்டாத நகரத்துக்குள், தண்ணீர்த் தொட்டியில் வாழத் தெரிந்த ஒன்று வந்து சேர்ந்ததுதான் பெரிய மாற்றம். 2016ல் எத்தியோப்பியாவில் கண்டார்கள், அப்புறம் சூடான், சோமாலியா, நைஜீரியா, கென்யா என்று பட்டியல் நீண்டது. 2022ல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தடுக்கவே தனித் திட்டம் ஒன்று அறிவித்தது.

எனக்கு அதைவிட நெருக்கமான கதை மன்னார். தனுஷ்கோடிக்கு எதிர்க்கரை, இடையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான். 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று சான்று வாங்கியது. உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012ல். நாலு வருடமாகப் பூஜ்யம். பொதுவாக இந்த இடத்தில் என்ன நடக்கும் என்று அரசு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். நோய்தான் இல்லையே, இன்னும் எதற்குக் கிணறு கிணறாக எட்டிப் பார்க்கிறாய் என்று ஆளையும் வண்டியையும் வேறு வேலைக்கு எடுத்துவிடுவார்கள். அங்கே எடுக்கவில்லை. சான்று வாங்கிய சில மாதங்களுக்குள்ளேயே, வழக்கமான கண்காணிப்பின்போது மன்னாரில் ஒரு புழு மாறுதலாகத் தெரிந்தது. வளர்த்துப் பார்த்தால் ஸ்டெபென்சி. இலங்கையில் அதற்கு முன் இல்லாத கொசு. ஆள் காய்ச்சலில் விழுந்து தெரியவரவில்லை. தினமும் கிணற்றில் தண்ணீர் மொண்டு பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் கண்ணில்தான் பட்டது. என் தொழிலில் நான் பொறாமைப்பட்ட சம்பவம் இது.

டயர் கடையைப் பற்றிய உங்கள் சந்தேகம் நல்ல சந்தேகம், ஆனால் அது தொட்டிப் புழுவுக்குப் பொருந்தாது. ஏடிஸ் முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், தண்ணீர் பட்ட அன்று பொரியும். டயரை எப்படிப் புரட்டினாலும் உள்ளே கொஞ்சம் தண்ணீர் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அல்போபிக்டஸ் 1985ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் காலூன்றியதும், 1990ல் இத்தாலியின் ஜெனோவாவில் இறங்கியதும் பழைய டயர் வியாபாரத்தில்தான். அனாபிலிஸ் முட்டை தண்ணீர் மேலே மிதப்பது. டயரில் அப்படிக் காய்ந்து பயணம் போகாது. அது கொசுவாகவே வண்டியிலோ படகிலோ ஏறி வரும், அல்லது தண்ணீரோடு வரும்.

கேரளத்து டயரில் அல்போபிக்டஸ் முட்டை இருக்கலாமா என்றால், தாராளமாக இருக்கலாம். அங்கே ரப்பர் தோட்டத்துச் சிரட்டைகளில் அது பெருகிக் கிடக்கிறது. நம் மலையடிவாரத்திலும் அது உண்டு. முதுகு நடுவே ஒற்றை வெள்ளைக் கோடு ஓடும். எங்கள் ஆய்வகப் பையன்கள் 'ஒத்த நாமம்' என்பார்கள். ஈஜிப்டிக்கு யாழ் வளைவு மாதிரி இரண்டு பக்கமும் வளைந்த கோடு. உங்கள் விட்டேட்டஸுக்கு ஆறு புள்ளி. பிள்ளைகளுக்கு இந்த மூன்றைச் சொல்லிக்கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. பெரிதாக, மூக்குக் கீழ்நோக்கி வளைந்து, செப்டிக் டேங்க் பக்கம் பறப்பது ஆர்மிஜெரிஸ். அதைப் பிடித்துக்கொண்டு வந்து "புதுசு சார்" என்று சொல்லாத ஆளே நான் பார்த்ததில்லை.

துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் சர்வதேச விதி இருக்கிறது, சுற்றி 400 மீட்டருக்குக் கொசு வளரவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. பழைய டயர் கடைக்கும், பழைய இரும்புக் கடைக்கும், நர்சரிக்கும் அப்படி ஒரு விதி இல்லை. புதியது வந்து இறங்குகிற வாசல் எங்கள் பக்கத்தில் இதுதான். அதனால் கண்காணிப்பை ஊர் முழுக்க விரிக்க வேண்டாம். வாசலில் வையுங்கள்.

எப்படி என்று கேட்டீர்கள். ஆறு முட்டைப் பொறி போதும். ஒரு லிட்டர் பிடிக்கிற பிளாஸ்டிக் மக் அல்லது பழைய பெயிண்ட் டப்பா. உள்ளும் புறமும் கறுப்புப் பூசுங்கள். முக்கால் உயரத்தில் ஒரு துளை, மழையில் நிரம்பி வழிந்துவிடாமல் இருக்க. பாதிக்குத் தண்ணீர். உள்ளே ஒரு ஹார்டுபோர்டு துண்டைச் சொரசொரப்புப் பக்கம் தெரிய நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் கெட்டியான காடாத்துணிப் பட்டை. டயர் கடையில் இரண்டு, பஸ் நிற்கிற இடத்தில் ஒன்று, பள்ளியில் ஒன்று, மீதி இரண்டு வீடுகளில். நிழலில், தரையோடு வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை, அதே கிழமையில் துண்டை எடுங்கள். முட்டை இருந்தால் கரித்தூள் தூவினது போலத் தெரியும். முட்டையைப் பார்த்து இனம் சொல்ல நானே துணிய மாட்டேன். துண்டை நிழலில் காயவைத்து, இரண்டு நாள் கழித்துத் தண்ணீரில் முக்கி, வாயில் வலை கட்டிய பாட்டிலில் வளர்க்க வேண்டும். மீன் தீவனப் பொடி ஒரு சிட்டிகை; அதிகம் போட்டால் தண்ணீர் நாறிப் புழு செத்துவிடும். நம்ம வெயிலுக்குப் பத்து நாளில் கொசு வந்துவிடும். வந்ததைப் பாட்டிலோடு ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்தால் இறந்துவிடும். உயிரோடு ஒன்றைக்கூட வெளியே விடக்கூடாது, பாவம் என்று பிள்ளைகள் சொன்னாலும்.

அனாபிலிஸ் இந்தப் பொறிக்கு வராது. அதற்குத் தொட்டியில் வெள்ளை மக்கால் தண்ணீர் மொண்டு பார்க்க வேண்டும். வெள்ளையாக இருந்தால்தான் புழு தெரியும். மெதுவாகப் போங்கள், நிழல் விழுந்தாலே புழு அடியில் போய்விடும், ஒரு நிமிடம் காத்திருந்தால் திரும்ப வரும். தொட்டி, கிணறு இரண்டையும் நீங்களோ வேறு ஆசிரியரோதான் பார்க்க வேண்டும். பிள்ளைகளைக் கிணற்றுப் பக்கம் அனுப்பாதீர்கள். கையை நீட்டிக் கொசுவை உட்காரவிட்டுப் பிடிப்பதும் வேண்டாம். மலைமேல், புலிகள் காப்பக எல்லைக்குள் போய்ப் புழு எடுப்பதென்றால் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். உங்கள் பாறைக்குழி எல்லைக்கு வெளியே இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நோட்டு ஒன்று போடுங்கள். தேதி, பொறி எண், முட்டை உண்டா இல்லையா, வளர்ந்து வந்தது எது. 'இல்லை' என்பதையும் எழுத வேண்டும். இங்கேதான் எல்லாரும் சோம்பிவிடுகிறார்கள். ஆறு மாதம் எதுவும் இல்லை என்று எழுதிய நோட்டு வெறும் நோட்டு மாதிரித் தெரியும். ஏழாவது மாதம் ஒன்று வந்தால் எல்லாரும் கேட்கப்போகிற முதல் கேள்வி, எப்போதிருந்து என்பது. அதற்குப் பதில் அந்த 'இல்லை'களில்தான் இருக்கும்.

மாதிரியைக் காப்பாற்றுவதிலும் கவனம் வேண்டும். ஒருமுறை கடலோர ஊர் ஒன்றிலிருந்து எனக்குத் தீப்பெட்டியில் ஒரு கொசு தபாலில் வந்தது. இரண்டு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த இனம் போல இருந்தது. 'போல' என்கிறேன், ஏனென்றால் வந்து சேரும்போது கால் ஒன்றுகூட உடம்பில் இல்லை, செதில் எல்லாம் உதிர்ந்திருந்தது. தேதி இல்லை, எங்கே பிடித்தது என்று இல்லை, அனுப்பியவர் பெயர் இருந்த இடத்தில் தபால் முத்திரை. அதைக் குப்பையில் போடவும் மனமில்லை, பதிவில் ஏற்றவும் வழியில்லை. ஓய்வு பெறும் நாள் வரை என் மேஜை இழுப்பறையில் கிடந்தது.

அதனால், வளர்ந்த கொசுவைச் சாராயத்தில் போடாதீர்கள், செதில் போய்விடும். சிறிய பிளாஸ்டிக் குப்பியில் அடியில் சிலிக்கா ஜெல், அதன்மேல் டிஷ்யூ காகிதம், அதன்மேல் கொசு, மறுபடி லேசாகக் காகிதம். புழுவை மட்டும் 70 சதவீத ஆல்கஹாலில் வைக்கலாம். சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து ஓடும். ஊர், எந்த மாதிரித் தண்ணீர், தேதி, எடுத்தவர். முகநூலில் போடுவதற்கு முன்னால் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: முதுகு ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பின்னங்கால் ஒன்று. படம் என்றால் லேசு என்று நினைக்காதீர்கள். 2018ல் வட ஸ்பெயினில் ஏடிஸ் ஜப்பானிகஸ் இருப்பது வெளியே வந்ததே, யாரோ ஒரு பொதுஜனம் கைபேசிச் செயலியில் அனுப்பிய படத்தால்தான். ஆனால் படத்தைப் பார்த்தபின் ஆட்கள் நேரில் போய்ப் பிடித்து உறுதி செய்தார்கள். படத்தோடு நிறுத்தியிருந்தால் அது வதந்திதான்.

யாரிடம் சொல்வது? முதலில் உங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளர். அவர் வழியாக மாவட்ட மலேரியா அலுவலர். பொது சுகாதாரத் துறையில் மண்டல பூச்சியியல் குழு என்று ஒன்று இருக்கிறது. இனம் பார்க்கத் தெரிந்த ஆட்கள் அங்கேதான். அவர்களுக்கும் சந்தேகம் வந்தால் ஓசூரில் உள்ள அரசு நிறுவனத்துக்கோ, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் புதுச்சேரி, மதுரை மையங்களுக்கோ போகும். அங்கே மரபணு வரிசையும் பார்ப்பார்கள், ஸ்டெபென்சி மாதிரி முகம் ஒத்த கொசுக்களுக்கு அது தேவைப்படும். யாரைப் பிடிப்பதென்று தெரியாவிட்டால் 104ல் கேளுங்கள். பஞ்சாயத்துத் தலைவரிடம் நீங்களாகப் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. செய்தித்தாளில் பார்த்துத் தெரிந்துகொண்டால் மனஸ்தாபம் வரும்.

மருந்து ஊற்றும் பணியாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அவர் வரும்போது, ஊற்றுவதற்கு முன்னால் ஐந்து புழுவை உங்கள் பாட்டிலில் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் நாளெல்லாம் ஐம்பது வீட்டுத் தொட்டியில் தலையை விடுகிறவர். ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, படுத்த புழுவுக்கும் தொங்குகிற புழுவுக்கும் வித்தியாசம் காட்டிவிட்டால் உங்களைவிட அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். டயர் கடைக்காரரிடம் மட்டும் அதிகாரி மாதிரிப் போகாதீர்கள். "அண்ணாச்சி, பிள்ளைங்க பாடத்துக்கு ரெண்டு டப்பா வைக்கணும்" என்றால் போதும். டயரைத் தார்ப்பாயால் மூடச் சொல்வதை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம்.

தொட்டியைப் பற்றி: மருந்து போட்டாயிற்று, பத்து நாளில் மறுபடி மொண்டு பாருங்கள். படுத்த புழு இருந்தால் பத்துப் புழு எடுங்கள். பாதியைக் குப்பியில் வையுங்கள், பாதியை வளர்த்துக் கொசுவாக்குங்கள். உட்காரும்போது வால் தூக்கி, தலை கீழே குத்திட்டு நிற்கிறதா, காலில் வெள்ளைப் பொட்டுகள் தெளித்தாற்போல இருக்கிறதா என்று பாருங்கள். காலில் பொட்டு இருந்தால் அன்றே சுகாதார ஆய்வாளருக்குச் சொல்லிவிடுங்கள். மாதிரி எடுத்தபிறகு தொட்டியைத் தேய்த்துக் கழுவி மூடி போடுங்கள், வழிகிற குழாய் வாயில் வலை கட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. பள்ளி விடுமுறை விட்டால் ஆறு டப்பாவையும் எண்ணி எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள். ஏழு நாளுக்கு மேல் யாரும் பார்க்காத முட்டைப் பொறி, கொசு வளர்க்கிற டப்பாதான். அரையாண்டு விடுமுறையில் இரண்டை மறந்துவிட்டு வந்த பள்ளி ஒன்றை எனக்குத் தெரியும். திறந்த அன்று வகுப்பில் உட்கார முடியவில்லை.